ஒரு விசில், இரண்டு விசில்

எங்கள் ஊரில் பையன்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்க ஒரு அகாடமி இருக்கிறது. வருடா வருடம் அங்கே சில பையன்களை, "தம்பி, உனக்கு இது சரிப்படாது" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வருடம் அப்படி அனுப்புவதற்கு முன்னால் அவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆள் தேடியிருக்கிறார்கள். கால்பந்தால் பேரெடுத்தவர் யாரும் கிடைக்கவில்லை. கால்பந்து விரட்டிவிட்ட பிறகும் ஒழுங்காகச் சோறு தின்றவர் யாராவது உண்டா என்று விசாரித்ததில் என் பெயர் போட்டியின்றித் தேர்வானதாம்.

போனேன். சால்வை போட்டார்கள். ஒரு பையன் எழுந்து, "தாத்தா, நீங்க எந்த பொசிஷன்ல ஆடுனீங்க?" என்றான்.

"மொதல்ல கொஞ்ச காலம் பெஞ்சு. அப்புறம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் படிக்கட்டு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "இதை நம்பித்தான் படிப்பைக் கோட்டை விட்டேன். இனிமே நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. ஒரு கதைதான் இருந்தது. அதையும் மைக் மக்கர் பண்ணியதால் பாதியில் விட்டேன். மீதியை எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மைக்கைச் சரி பண்ணுவதைவிட அது சுலபம் என்று நினைத்திருப்பார்.

என் காலத்தில் அகாடமி என்ற சொல் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. ஐம்பதுகளில் மதுரைப் பக்கத்தில் ஒரு பஞ்சாலை, தன் கால்பந்து அணிக்கு ஆள் தயார் செய்ய முகாம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரத்துப் பையன்களைப் பொறுக்கி, தங்க இடமும் பூட்ஸும் தினம் முட்டையும் கொடுத்துப் பழக்குவார்கள். தேறினால் மில் அணியில் இடம், மில்லில் வேலை. நான் சாணார்பட்டிப் பக்கத்துக்காரன். அப்பா தக்காளியும் கத்தரியும் போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் வெறுங்காலால் பந்தை வெகுதூரம் உதைப்பேன். அது எந்தத் திசையில் போகும் என்பது பந்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு என்னை எடுத்துக்கொண்டார்கள்.

முகாமின் கோச் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. விசில் ஊதினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தூக்கிய காலை நகர்த்தி வைத்தாலும் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் ஆட்ட மும்முரத்தில் இரண்டு எட்டு கூடப் போய் மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டியதே இல்லை. ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு வாங்க எனக்குக் கிடைத்த ஒரே இடைவெளி அந்த விசில்தான். எப்போது ஊதுவார், எப்போது ஊதுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடுவேன். பந்தைக் கவனிக்க எங்கே நேரம்?

இப்படி இரண்டு வருடம் முட்டை தின்றேன். ஒருநாள் கோச் கூப்பிட்டார்.

"ஏலே, உண்மையச் சொல்றேன், மனசுல வச்சுக்காத. உனக்குப் பந்து வராது. ஆனா விசில் கேட்டதும் நிக்கிற பாரு, அதுல உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. அதுக்கு எங்கயாச்சும் வேலை குடுத்தா போய்ச் சேந்துக்க."

நிற்பதற்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஊருக்குத் திரும்பினேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கிணற்றில் கமலை கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர், மாடுகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "வா அப்பு. நல்ல நேரத்துல வந்த. இதுக ரெண்டும் ரொம்பக் களைச்சுப் போச்சு" என்றார். மாடுகள் இரண்டும் என்னைத் திரும்பிப் பார்த்தன.

என்னை அந்த மாடுகளிடமிருந்து மீட்டவர் திண்டுக்கல்லில் பஸ் கம்பெனி வைத்திருந்த ஒரு ராவுத்தர். நாங்கள் அவரை முதலாளி என்றே சொல்லிப் பழகியவர்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஊரில் தோல் மண்டிக்காரர்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். கோப்பை வருடம் தவறாமல் அவர்கள் வீட்டு அலமாரிக்கே போய்க்கொண்டிருந்தது. முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. மில் முகாமில் கழித்துவிட்ட பையன்களை வரிசையாக அழைத்து, பகலில் கண்டக்டர், சாயங்காலம் கால்பந்து என்று வேலைக்கு வைத்துக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மில்லுல ஆடுனவனா?" என்றார். "மில்லுல இருந்தேன் மொதலாளி" என்றேன். ஆடினேன் என்று நான் சொல்லவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அணி முதலாளியுடையது என்றாலும் பஸ் சூசை சாருடையது. அவர் தலைமைச் செக்கர். கத்திரி வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். கையில் எப்போதும் குடை. அதை விரித்து ஒருநாளும் பார்த்ததில்லை. ஆளரவம் இல்லாத பாதையில் ஏதோ ஒரு புளியமரத்தடியில் நிற்பார். வண்டி நின்றதும் ஏறி, இடது கையை மட்டும் நீட்டுவார். நாம் கொடுக்கும் டிக்கெட் கணக்கைப் பார்த்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்"மில் பல வகை உண்டு. நல்ல "ம்"முக்கும் கெட்ட "ம்"முக்கும் வித்தியாசம் பிடிபடுவதற்குள் எங்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. கால்பந்துக்காரர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. "மொதலாளி பந்துக்கு ஆள் எடுத்துட்டாரு. நான் இனி பஸ்ஸுக்கு ஆள் தேடணும்" என்று எங்கள் காதில் விழும்படியே சொல்வார்.

முதல் நாள் என் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்.

"ஒண்ணு ஊதுனா வண்டி நிக்கும். ரெண்டு ஊதுனா போகும். ரெண்டு ஊதுறதுக்கு முன்னாடி மூணு எடம் பாக்கணும். படி, கூரை, சக்கரம். படியில எவன் காலாச்சும் தொங்குதா, கூரையில சரக்கு ஏறிருச்சா, சக்கரத்துக்கிட்ட எவனாச்சும் நிக்கிறானா. கழுத்தத் திருப்பிப் பாரு. எங்க, பாத்துக் காமி."

கழுத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"கண்ணத் திருப்பாம கழுத்த மட்டும் திருப்புற. மறுபடியும்."

வண்டி ஏறாமல், டெப்போவில் நின்ற பழைய பஸ்ஸின் படியில் என்னை நிறுத்தி நாளெல்லாம் இதையே செய்யச் சொன்னார். படி, கூரை, சக்கரம். அடுத்த நாள் கழுத்து திரும்பவே இல்லை, சுளுக்கு.

எனக்கு வாய்த்த டிரைவர் மைதீன் பாய். பக்கக் கண்ணாடியை அவர் தாடி சீவ மட்டும்தான் உபயோகிப்பார். "பின்னாடி நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல தம்பி. நீ ஊது, நான் ஓட்டுறேன். அம்புட்டுத்தான்" என்று முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிட்டார்.

ஆனால் என் தொல்லை வேறு இடத்தில் இருந்தது. நிறுத்தம் வரும். ஒரு விசில் ஊதுவேன். வண்டி நிற்கும். நானும் நின்றுவிடுவேன். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில், டிக்கெட் கிழித்த கை பாதியில். முகாமில் ஏறிய பழக்கம். என் விசிலுக்கு நானே சிலையாவேன்.

"ஏப்பா கண்டக்டரு, வண்டியத்தான நிக்கச் சொன்ன? நீ எதுக்கு நிக்கிற? டிக்கெட்டக் குடு" என்று பூக்காரம்மா ஒருத்தி இடுப்பில் குத்தி எழுப்புவாள். பிறகு இரண்டு ஊதினால்தான் எனக்கு உயிர் வரும். அதற்குப் பிறகு டிக்கெட் போட முன்னால் நகர வேண்டும் அல்லவா? இரண்டு விசில், நட. இரண்டு விசில், நட. இப்படியே ஒரு வருடம் சித்தையன்கோட்டைப் பாதையில் ஓடியதில் கால்கள் அதற்குப் பழகிவிட்டன. மூளையைக் கேட்காமலே புறப்பட்டுவிடும்.

அந்தக் கால்களோடுதான் தோல் மண்டி அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இறங்கினேன். என்னை ஆட்டத்தில் இறக்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. பின்னால் நின்று தடுத்து ஆடும் எங்கள் பேக் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பெஞ்சில் மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான்.

மலைக்கோட்டைக்குக் கீழே மைதானம் கொள்ளாத கூட்டம். ஆளுக்கு ஒரு கோல் போட்டுச் சமமாக இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம், எங்கள் பக்கத்தில் அவர்கள் ஆள் ஒருவன் எங்கள் ஆளைத் தள்ளிவிட்டான். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. ரெஃப்ரி விசில் ஊதினார். ஒன்று. எல்லோருக்கும் முன்னால் நின்றது யார்? நான்தான். அது வரைக்கும் நல்ல ஆட்டம்.

கூட்டத்தின் கூச்சலில் சிலருக்கு விசில் கேட்கவில்லை போலிருக்கிறது. ரெஃப்ரி இன்னொரு தடவை ஊதினார்.

இரண்டு.

என் கால்கள் கிளம்பிவிட்டன.

பந்தோடு போகிறேன், போகிறேன், ஒருவனும் தடுக்கவில்லை. எதிர் அணியில் ஒருவன் இடுப்பில் கைவைத்து வழிவிடுகிறான். காதர் என்று எங்கள் ஃபார்வர்டு, பிரமாதமான ஆட்டக்காரன், வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அடடா, இரண்டு வருட முட்டை இன்றைக்குத்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோல்கீப்பர்கூடக் கம்பத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். பலத்தையெல்லாம் திரட்டி உதைத்தேன். அப்படித் திறந்து கிடந்த கோலுக்குள்ளும் பந்து போகவில்லை. என்னை நிறுத்துவதற்காகப் பக்கவாட்டில் ஓடிவந்துகொண்டிருந்த ரெஃப்ரியின் வயிற்றில் போய் விழுந்தது. அவர் பள்ளிக்கூட டிரில் வாத்தியார், திடகாத்திரமானவர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே கையை நீட்டி என்னை வெளியே போகச் சொன்னார். மீதி நேரம் எங்கள் அணி ஓர் ஆள் குறைவாக ஆடியது. அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். கோப்பை பழைய அலமாரிக்கே போயிற்று.

மறுநாள் முதலாளி அணியைக் கலைத்தார். "பந்துக்காகச் சேந்தவன் ஒருத்தன்கூட கம்பெனில இருக்கக் கூடாது" என்று உத்தரவு. மற்றவர்களுக்குக் கதவுகள் திறந்தன. காதரைத் தோல் மண்டிக்காரர்கள் பிரியாணிக் கடையில் உட்காரவைத்துப் பேசி, இரண்டாவது தட்டு வருவதற்குள் வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் கோல்கீப்பரின் உயரத்தைப் போலீசார் விரும்பினார்கள். ஒருவன் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கப் போனான். இரண்டு பேர் பூட்டுப் பட்டறையில் சேர்ந்தார்கள். நானும் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "ரெஃப்ரிய உதைச்ச தம்பிதான? இங்க பூராவும் சுத்தியலும் அரமுமா கிடக்கு, வேண்டாம்ப்பா" என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வேலை போவது மட்டுமல்ல பிரச்சினை. சித்தையன்கோட்டையில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் கண்டக்டர் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள். கண்டக்டர் போனால் மாப்பிள்ளையும் அதே வண்டியில் போகவேண்டியதுதான். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அப்பா வேறு கமலைக்குப் புதுக் கயிறு வாங்கி வைத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

சூசை சார் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். "சந்தை நாள் வரைக்கும் அந்தச் சித்தையன்கோட்டைப் பய இருக்கட்டும். அன்னைக்கு ஆள் பத்தாது." இரக்கமா என்று கேட்காதீர்கள். உண்மையிலேயே ஆள் பத்தவில்லை. சந்தை நாள் டிரிப்பை முடித்ததும் பையையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு நான் போகவேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தக் கடைசி டிரிப். சித்தையன்கோட்டையில் இருந்து திண்டுக்கல்லுக்கு. உள்ளே நிற்க இடமில்லை. கூரை முழுக்கத் தக்காளிக் கூடை, தேங்காய் மூட்டை, பூக்கட்டு. வழியில் ஒரு கார் டயர் வெடித்து ஓரமாக நின்றது. பக்கத்தில் நின்றவர் முதலாளி. பட்டணத்துக்குப் போகிற ரயிலைப் பிடிக்கவேண்டுமாம். வந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த புளியமரத்தடியில் சூசை சார் ஏறினார். இடது கை நீண்டது. "ம்" என்றார். எந்த வகை "ம்" என்று பிடிபடவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெண்பிள்ளை இறங்கினாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் தக்காளி கொண்டுபோகிறவள். கூரையில் இருந்து கூடையை இறக்கும்போது கை நழுவிக் கவிழ்ந்தது. தக்காளி நாலா பக்கமும் உருண்டது. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"ஏலே, என்ன அங்க? ரயிலு போயிரும்லே! ரைட்டு, ரைட்டு!" என்று முன்னால் இருந்து முதலாளி கத்தினார். பஸ் உடம்பை இரண்டு தட்டுத் தட்டினார். முதலாளியே சொன்ன பிறகு பயணிகள் சும்மா இருப்பார்களா? "போலாம், போலாம்" என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள்.

விசில் வாயில் இருக்கிறது. முதலாளி சொல்கிறார். இரண்டு ஊதிவிட்டால் ரயிலைப் பிடித்துக் கொடுத்த புண்ணியத்தில் அவர் மனம் இளகினாலும் இளகலாம். ஊதிவிடலாம் என்றுதான் மூச்சை இழுத்தேன். ஆனால் சுளுக்குப் பிடித்துப் பழகிய அந்தக் கழுத்து தானாகத் திரும்பியது. படி, யாரும் இல்லை. கூரை, சரக்கு சரியாக இருக்கிறது. சக்கரம்.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்தானை மட்டும் தெரிந்தது. ஆள் வண்டிக்கு அடியில்.

ஒன்று ஊதினேன். முதலாளி மறுபடி தட்டினார். வண்டி லேசாக முன்னால் குலுங்கியது. நான் விசிலை நிறுத்தவே இல்லை. ஒரே விசில், நீளமாக, கண் பிதுங்க, மூச்சு முழுக்கத் தீரும் வரைக்கும். வண்டி அப்படியே நின்றது.

"ஏன்யா நிறுத்துன? நான்தான் போகச் சொல்றேன்ல?" முதலாளியின் குரல்.

"நீங்க முன்னாடிதான இருக்கீங்க மொதலாளி. பின்னாடி இருக்கிறவன் நிக்கச் சொல்றான்" என்றார் மைதீன் பாய். தாடியைத் தடவிக்கொண்டு ஸ்டியரிங்கில் கையை மடக்கி வைத்துவிட்டார்.

முதலாளி இறங்கிப் பின்னால் வந்தார். சூசை சாரும் இறங்கினார். சக்கரத்துக்கு முன்னால் இருந்து அந்தப் பெண்பிள்ளை மடி நிறையத் தக்காளியோடு தவழ்ந்து வெளியே வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

"எந்தக் கட்டையில போறவன்டா காதுக்குள்ள பீப்பீ ஊதுனவன்? பதறிப் போயி முட்டிய ஊனுனதுல நாலு பழம் நசுங்கிப்போச்சு. உன் கம்பெனிக்காரனா குடுப்பான்?" என்றாள்.

கம்பெனிக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவர் தக்காளியைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்கும் தரையில் அவள் முழங்கால் பதிந்த இடத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். ஏறிப் போய் உட்கார்ந்தார். நாங்கள் திண்டுக்கல் ஸ்டேஷனை நெருங்கும்போது ரயில் எங்களுக்கு வால் காட்டிக்கொண்டு போனது.

சாயங்காலம் கம்பெனி ஆபீசில் முதலாளி உட்கார்ந்திருந்தார். சூசை சார் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் பையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். விசிலை அதன்மேல் வைத்தேன்.

"இவனால கோப்பை போச்சு. இன்னைக்கு ரயிலும் போச்சு" என்றார் முதலாளி. குரலில் பழைய காரம் இல்லை, விடவும் மனமில்லை.

சூசை சார் பொடி ஒரு சிட்டிகை எடுத்தார். அவசரப்படாமல் உறிஞ்சினார். மூக்கைத் துடைத்தார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"மொதலாளி, அன்னைக்கு மேட்சுக்கு நானும் வந்திருந்தேன். ஒரு விசிலுக்கு எல்லாருக்கும் முந்தி நின்னான். ரெண்டாவது விசில் கேட்டதும் கிளம்பிட்டான். ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல. பந்துக்காரன்னு நீங்க எடுத்த அம்புட்டுப் பேரும் பஸ்ஸுல ஏறியும் பந்துக்காரனாத்தான் இருந்தான். இவன் ஒருத்தன்தான் மைதானத்துல நின்னப்பக்கூட கண்டக்டரா இருந்தான்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"இன்னைக்கு உங்க சத்தத்துக்கு ரெண்டு ஊதியிருந்தா, நீங்க ரயில்ல ஏறியிருக்க மாட்டீங்க. போலீசு ஸ்டேஷன் படியிலதான் ஏறியிருப்பீங்க."

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "சரி, இருந்து தொலையட்டும். ஆனா ஒண்ணு. இனிமே இவன் பந்தைத் தொடவே கூடாது."

"அது அவனுக்கு முன்னாடியே பழக்கந்தான் மொதலாளி" என்றார் சூசை சார்.

அவர் சிரித்தாரா என்று பார்க்க நிமிர்ந்தேன். மேஜைமேல் இருந்த விசிலைக் குடை நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நீ எச்சிப்படுத்துன விசில வேற எவன் வாயில வைப்பான்? வெளிய வண்டி நிக்குது."

ஓடினேன். என் கடைசி டிரிப் என்று முடிவாகியிருந்த அந்த வண்டி மறுபடி சித்தையன்கோட்டைக்குப் புறப்பட நின்றுகொண்டிருந்தது. மைதீன் பாய் தாடி சீவிக்கொண்டிருந்தார். படியில் ஏறினேன். படி, கூரை, சக்கரம் பார்த்தேன். விசிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரண்டு ஊதினேன்.

இந்தத் தடவை நான் மட்டும் ஓடவில்லை. வண்டியில் இருந்த எல்லோரும் சேர்ந்தே நகர்ந்தார்கள்.